சுகிர்தபாய் டீச்சரின் முழங்கால்கள்

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடியப்போகிற நேரத்தில், சீயோன்விளை ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்ட சுகிர்தபாய் டீச்சர் எல்லாரும் எழுந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பாட்டு பாடி, சபைப் போதகரான ஐயர் ஆசீர்வாதம் கூறி, சனங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய், வேப்ப மரத்தடியில் நின்று ஊர் நியாயம் பேசி, அவரவர் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிற நேரம் ஆன பிறகும் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் அவரால் முடியவில்லை.

அதை முதலில் பார்த்தவர் மாசிலாமணி. மணியடிப்பது, கூட்டுவது, பாய் விரிப்பது, கதவு பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு; அந்த வேலை பார்ப்பவரை எங்கள் பக்கத்தில் கோயில்குட்டி என்போம். சாவிக்கொத்தோடு வந்து பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், பூட்டணும்" என்றார்.

"ஒரு நிமிஷம் இரு" என்றார் டீச்சர். அந்த ஒரு நிமிஷமும் போன பிறகு, தலையைத் திருப்பாமலே, "மாசிலாமணி, எனக்கு எந்திரிக்க வரல" என்றார்.

மாசிலாமணி டீச்சரைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் டீச்சர் அவரை நீ என்றுதான் கூப்பிடுவார், அவரும் நாற்பது வருஷமாக அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகியிருந்தார். சாவியைத் தரையில் வைத்துவிட்டு டீச்சரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு அசைந்தது, தொடை அசைந்தது, முழங்காலுக்குக் கீழே மட்டும் அந்தக் கடப்பாக் கல்லிலேயே முளைத்தது போல இருந்தது.

டவுனிலிருந்து டாக்டர் வந்தார். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, பாதத்தைக் கிள்ளினால் வலிக்கிறது, எலும்பில் கோளாறு இல்லை, தைலம் வேண்டுமானால் தேய்க்கலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆபிரகாம் கொத்தனார் வந்து, முழங்காலைச் சுற்றி ஒரு முழம் விட்டுக் கல்லையே பெயர்த்துவிடலாம் என்று உளி வைத்து அடித்தார். மூன்று உளி முனை மழுங்கியது, கல்லில் ஒரு கீறலும் விழவில்லை. கொத்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கல்லு பிடிக்கல ஐயரே. கல்லு சும்மாதான் கெடக்கு. காலுதான் விடமாட்டேங்கு" என்றார். கிருபாகரன் ஐயர் அதைக் கேட்டு நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "நாப்பது வருஷ ஊழியத்துல இப்படி ஒரு தாழ்மைய நான் பாத்ததில்ல" என்றார்.

அப்படித்தான் அது என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அதற்கு எங்களிடம் பேர் இல்லை. தாழ்மை என்று ஐயர் சொன்னதும் ஊர் முழுக்க மூச்சு விட்டது.

பிறகு எல்லாம் தன்னாலே ஒழுங்குக்கு வந்தது. கருப்பட்டி ஏவாரி மனைவி செல்லக்கனி, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர், நோட்டுப் போட்டு முறை எழுதினாள்: திங்கள்கிழமை மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு, குளிப்பாட்ட இரண்டு பேர், சாப்பாட்டுக்கு ஒரு வீடு, துணி துவைக்க ஒரு வீடு. நான்கு கம்பு நட்டு நீலச் சேலையில் மறைப்புக் கட்டி, வேண்டும்போது சுற்றவும் வேண்டாதபோது ஒதுக்கவும் தோதாக வளையம் போட்டார்கள். சாய்ந்து தூங்குவதற்கு ஆசாரி ஒரு சரிவான முக்காலி செய்து பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார். திருவிருந்து எடுக்கப் போகிறவர்கள் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய் மறுபடி ஒன்றாகச் சேரும் வழியைப் பழகிக்கொண்டார்கள். அந்த வருஷம் நடந்த மூன்று கல்யாணத்திலும் பெண்ணும் மாப்பிள்ளையும் டீச்சரைச் சுற்றி வந்துதான் ஐயர் முன்னால் நின்றார்கள், போட்டோவிலும் நடுவில் அவர் முதுகு விழுந்திருக்கும். டீச்சரின் அண்ணன் தவறியபோது பெட்டியைப் பின்னால் வைத்தால் அவரால் பார்க்க முடியாதென்று ஆறு பேர் தூக்கிக்கொண்டுபோய்ப் பீடத்துப் படியில் தலையும் காலும் மாற்றி வைத்தோம்; அவர் அண்ணன் முகத்தைப் பார்த்து அழுதார், நாங்கள் அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து அழுதோம்.

ஏழு மாதமும் அப்படித்தான். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். அவருக்குப் பீடமும், அதன் பின்சுவரில் ஊர்ந்து திரியும் இரண்டு பல்லிகளும், கட்டிடத்துக்கு உபகாரம் செய்தவர்களின் பேர் வெட்டிய சலவைக்கல்லும்தான் தெரியும்.

வைகாசியில் வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு ஆட்டோ, பிறகு வேன், பிறகு ஞாயிறுதோறும் ஆறேழு வேன். முழங்கால் அம்மா என்று பேர் வைத்தது அவர்கள்தான். மூட்டுவலிக்காரர்கள், பிள்ளையில்லாதவர்கள், பரீட்சை எழுதப்போகிறவர்கள், புருஷனைத் திருத்த வேண்டியவர்கள் எல்லாரும் வந்து டீச்சரின் சேலை முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். வேப்ப மரத்தடியில் ஒருவர் சர்பத் கடை போட்டார். எங்கள் ஊருக்கு அதுவரை நிற்காத பஸ் இரண்டு நேரம் நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னால் நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தோம், அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒரு தாழ்மை இருக்கிறதென்று எங்களுக்கு அவ்வளவு பெருமை.

டீச்சருக்கும் முதலில் அது பிடித்திருந்தது. இதை அவரே பிற்பாடு மாசிலாமணியிடம் சொன்னார். பகல் பதினோரு மணிக்கு மேல் ஆலயத்தில் ஆள் இருக்காது. மாசிலாமணி மட்டும் மூலையிலிருந்து கூட்டிக்கொண்டே வருவார். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுவார், விளக்குமாற்றுச் சத்தம் நின்றால் அவர் கேட்கிறார் என்று அர்த்தம்.

"அன்னைக்கு எனக்குப் பாவத்த நெனச்சு ஒரு வருத்தமும் இல்ல மாசிலாமணி" என்றார் ஒரு நாள். "செல்லக்கனி எனக்கு முன்ன போயி முட்டி போட்டு அழுதா பாரு, எல்லாரும் அவளையே பாத்தாங்க. எனக்குப் பொறுக்கல. அவளத் தாண்டி ஒரு கை தூரம் முன்னால போனேன். அவ பாயில இருந்தா, நான் வெறுங்கல்லுல இருந்தேன். அவ எந்திரிச்சப்புறம்தான் எந்திரிக்கணும்னு இருந்தேன். அவ எந்திரிச்சா. இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம், நல்லாருக்கும்னு தோணுச்சு. அம்புட்டுதான்."

விளக்குமாற்றுச் சத்தம் நிற்கவில்லை. மாசிலாமணி கூட்டிக்கொண்டே வெளியே போனார்.

ஆனி மாதத்தில் டீச்சருக்கு அந்த இடம் சிறையாகிவிட்டது. தூங்குகிறபோதும் முட்டி போட்டபடி, விழிக்கிறபோதும் முட்டி போட்டபடி, காய்ச்சல் வந்தபோதும் முட்டி போட்டபடி. பின்னால் யார் நிற்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எதற்காக முதுகைத் தொடுகிறார்கள் என்று தெரியாமல், யாரோ ஒருத்தியின் ஈரக் கன்னம் திடீரென்று தன் உள்ளங்காலில் பதிகிறபோது உதறி எழவும் முடியாமல் அவர் இருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று அவருக்குப் பட்டது. ஒரு ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில், மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"நான் தாழ்மையில முழங்கால் போடல. பெருமையில போட்டேன். என்னைப் பாக்க வராதீங்க. நான் நல்லவ இல்ல."

சபையின் பின்வரிசையில் யாரோ விம்ம, அந்த விம்மல் வரிசை வரிசையாக முன்னால் வந்து, முந்நூறு பேர் வாய்விட்டு அழுதார்கள். "தன்னைப் பெருமைக்காரின்னு சொல்லுதாங்க பாருங்க, இந்த வார்த்தை நம்ம யார் வாயில வரும்?" என்று ஐயர் தழுதழுத்தார். அடுத்த வாரம் பதினொரு வேன் வந்தது.

டீச்சர் கோபப்பட்டுப் பார்த்தார். முந்தானையைத் தொட்ட ஒருத்தியை, "எடு கைய, நாயே" என்றார். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் உள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னாள். ஜெபிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். மௌன ஜெபம் என்று போர்டு எழுதி வைத்தோம், பிள்ளைகள் சத்தம் போடக் கூடாதென்று. சாப்பிட மாட்டேன் என்றார்; உபவாசம் என்று செல்லக்கனி நோட்டில் எழுதினாள், எழுதி அவளும் சாப்பிடாமல் இருந்தாள். அவர் எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் எங்கள் மரியாதையில்தான் போய் இடித்தது.

ஆவணியில் டீச்சர் ஐயரைத் தனியாக வரச்சொன்னார். மறைப்பைச் சுற்றிவிடச் சொல்லிவிட்டு, பொதுவாகப் பாவி என்று சொல்வதையெல்லாம் விட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்கள் சபைக்கென்று ஒரு இடம் வந்தது. மார்க்கில் முதலாவது நின்றவள் எப்சிபா, கோயில்குட்டி மாசிலாமணியின் ஒரே மகள். கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் பள்ளிக்கூட ஆபீஸ் அறைக்கு வந்து, பிள்ளை எப்படி என்று அப்போது தலைமையாசிரியையாக இருந்த டீச்சரைக் கேட்டார்கள். "கெட்டிக்காரிதான். ஆனா கை சுத்தம்னு சொல்ல முடியாது" என்றார் டீச்சர். அது பொய். எப்சிபா ஒரு சாக்குக்கட்டிகூட எடுத்தவளில்லை. இடம் வேறு பிள்ளைக்குப் போயிற்று. அந்த ஒரு வார்த்தை மட்டும் ஊரில் தங்கிவிட்டது. எப்சிபாவுக்கு வந்த ஒரு சம்பந்தமும் அதனால் கலைந்தது. அவள் தூத்துக்குடியில் இறால் உரிக்கப் போய், அங்கிருந்து திருப்பூருக்குத் தையலுக்குப் போய், பிறகு ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஐயர் கேட்டு அழுதார். "இது என்னோட இருக்கட்டும் டீச்சர்" என்றார். ஆனால் அவர் பிரசங்கிக்கிற மனிதர். அந்த ஞாயிறு, பேர் சொல்லாமல், ஒரு ஏழைப் பெண், ஒரு பொய், பத்தொன்பது வருஷம் என்று சொன்னார். பேர் சொல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரியாதா? அன்று மத்தியானமே செல்லக்கனி எப்சிபாவின் நம்பரைக் கண்டுபிடித்து, ஆலயத்து முற்றத்தில் நாற்பது பெண்கள் சூழ நின்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"எப்சிபா, நான் செல்லக்கனி பெரியம்மா பேசுதேன். டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க தாயி. கண்ணீர் விட்டு அழுதாங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே போயி அவங்க காதுல சொல்லிருதோம். உன் ஒரு வார்த்தையில அவங்க கால் விட்டுரும்."

மறுபக்கத்தில் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எப்சிபா, "எத்தனை பேரு சுத்தி நிக்கியீங்க பெரியம்மா?" என்றாள். அப்புறம் கட் செய்துவிட்டாள்.

அவ்வளவுதான், ஊரின் கோபம் அந்தப் பக்கம் திரும்பியது. டீச்சரே இறங்கி வந்த பிறகு இவளுக்கு என்ன அகம்பாவம் என்றார்கள். ஒரு பரிசுத்தவதியைக் கல்லில் கட்டி வைத்திருப்பது எப்சிபாவின் பிடிவாதம்தான் என்று வேனில் வந்தவர்கள் வரைக்கும் பேசினார்கள். அவள் மனம் இளக வேண்டுமென்று புதன்கிழமைகளில் விசேஷ ஜெபம் வைத்தோம். மாசிலாமணி மணியடிக்க வரும்போது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சர்பத் கடையில் அவருக்கு டம்ளரைத் தள்ளி வைத்தார்கள்.

மூன்றாவது புதன்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு மாசிலாமணி விளக்குமாற்றோடு உள்ளே வந்தார். கூட்டவில்லை. நேரே போய் டீச்சருக்கு முன்னால், பீடத்துக்கும் அவருக்கும் நடுவில், யாரும் நிற்காத அந்த இடத்தில் நின்றார். அத்தனை மாதத்தில் டீச்சர் நேருக்கு நேர் பார்த்த முகங்கள் நான்கைந்துதான். அதில் கோபமான முகம் அதுதான் முதல்.

"இன்னைக்கு என் மகளுக்காக ஜெபம் பண்ணுனாங்க டீச்சர். கேட்டியளா? அவ பெருமை ஒடையணுமாம்."

"கேட்டேன்" என்றார் டீச்சர்.

"நீங்க கமிட்டிக்கிட்ட அத சொல்லும்போது நான் ஜன்னலுக்கு வெளிய நின்னேன். உங்களுக்கெல்லாம் டீ கொண்டுவந்தேன், கையில தட்டு இருந்துது. ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுந்துச்சு."

"பின்ன ஏன் நீ..." என்றார் டீச்சர்.

"உள்ள வந்தேன். டீய வச்சேன். போயிட்டேன்." மாசிலாமணி விளக்குமாற்றைத் தரையில் ஊன்றினார். "பெரியவங்க பேசுத எடத்துல நான் என்ன சொல்லன்னு போயிட்டேன். அத நான் தாழ்மைன்னு நெனச்சேன் டீச்சர். பத்தொம்பது வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன். பயந்தாங்கொள்ளித்தனம் அது. நீங்க செஞ்சது உங்களோட, நான் செஞ்சது என்னோட. ஆனா ரெண்டு பேருக்கும் சேத்து அவள ஏன் மறுபடி குத்தவாளியா நிக்க வைக்கியீங்க?"

அவர் டீச்சரை மன்னித்தேன் என்று சொல்லவில்லை, எவ்வளவு பெரிய மனது உங்களுக்கு என்று சொல்லவில்லை, அழக்கூட இல்லை. செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு நின்றார். மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஒரு விஷயத்தை ஒரு ஆளாவது அப்படியே எடுத்துக்கொண்டதில் டீச்சருக்கு நெஞ்சு வலித்தது. அந்த வலியில் ஏதோ ஒரு ஆறுதலும் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார் மாசிலாமணி. "என்கிட்ட கேக்காதீங்க." பிறகு வழக்கம்போல மூலையிலிருந்து கூட்டத் தொடங்கினார்.

அறுப்பின் பண்டிகை ஐப்பசியில் வந்தது. அன்றைக்கு ஊருக்கே அசனம். ஆலயத்துக்குத் தெற்கே பந்தல் போட்டு, எட்டு அண்டாவில் சோறும் ஆட்டுக்கறியும் பொங்கி, வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த வருஷம் நாலாயிரம் பேர் என்றார்கள். ஆராதனை முடிந்ததும் கூட்டம் மொத்தமும் பந்தலுக்கு ஓடியது. டீச்சரின் முறைக்காரப் பெண்களும் கறி தீர்ந்துவிடுமென்று, சீக்கிரம் வந்திருதோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆலயத்தில் யாருமில்லை. அப்போது ஐயர் அங்கி மாற்றுகிற சின்ன அறையின் கதவைத் திறந்துகொண்டு எப்சிபா வந்தாள். அவள் அப்பாதான் கூட்டிவந்தார். அவர் அந்த அறையிலேயே நின்றுகொண்டார்.

எப்சிபாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கண்ணாடி போட்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தால் டீச்சருக்குத் தெரியாதென்று பீடத்துப் படியில் ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் அவளைப் பார்த்ததும் கையைக் கூப்பி, "எப்சிபா, என்னை நீ..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க டீச்சர்" என்றாள் எப்சிபா. "அத நீங்க சொன்னா, எனக்குன்னு சொல்ல ஒரே ஒரு பதில்தான் இருக்கும். அத சொல்ல நான் வரல."

டீச்சரின் கை கூப்பினபடியே நின்றது.

"நான் கேக்கதுக்கு மட்டும் சொல்லுங்க. அது பொய்தான?"

"பொய்தான்."

"பொய்னு தெரிஞ்சே சொன்னியளா, இல்ல யாராவது உங்ககிட்ட அப்படிச் சொல்லி நம்பிட்டியளா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

"எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு டீச்சரிடம் பல பதில்கள் இருந்தன. அன்றைக்குத் தலைவலி, கமிட்டியில் ஒருவர் தன் சொந்தக்காரப் பெண்ணுக்காகக் கண்ணைக் காட்டினார், ஏழைப் பெண்ணுக்கு ஹாஸ்டல் செலவு தாங்காது என்ற அக்கறை. ஏழு மாதத்தில் ஒவ்வொன்றையும் பலமுறை துடைத்து அழகாக வைத்திருந்தார். எப்சிபா அவசரப்படாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"பின்ன வகுத்தல்" என்றார் டீச்சர். "இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்கு நான் போர்டுல தப்பாப் போட்டேன். நீ எந்திரிச்சு, தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும் டீச்சர்னு சொன்னே. அவரு சிரிச்சாரு. அதுக்குத்தான்."

எப்சிபாவுக்கு அந்த நாள் ஞாபகம்கூட இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தாள். "அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"நான் ஏதோ பெருசா தப்பு செஞ்சிருக்கேன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள் எப்சிபா. முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "என்ன செஞ்சேன், என்ன செஞ்சேன்னு எத்தனை வருஷம் யோசிச்சிருக்கேன் தெரியுமா? இறாலு உரிக்கும்போது கையெல்லாம் வெந்து கெடக்கும், அப்பவும் அதத்தான் யோசிப்பேன்."

பந்தலில் இரண்டாம் பந்திக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. எப்சிபா எழுந்து சேலையைத் தட்டினாள்.

"நான் மன்னிக்கல. எப்ப மன்னிப்பேன்னும் தெரியல, மன்னிப்பேனான்னும் தெரியல. நான் உங்ககிட்ட வந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேசினத சொல்லாதீங்க. சொன்னா இதையும் அவங்க உங்களுக்கு மாலையாக் கட்டிப் போட்டுருவாங்க."

"சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர்.

"பசிக்கி. சோறு தீந்துரும்" என்று சொல்லிவிட்டு எப்சிபா பெஞ்சுகளுக்கு நடுவே பெரிய வாசலை நோக்கி நடந்தாள்.

டீச்சருக்கு அப்போது நெஞ்சிலிருந்து வார்த்தைகள் ஏறி வந்தன. நல்ல வார்த்தைகள், கேட்டால் கல்லும் கரையும், எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும், எந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்தது. எப்சிபா கேட்டால் வாசலில் நின்றுவிடுவாள். நின்றால் திரும்பிப் பார்ப்பாள். டீச்சர் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். வார்த்தைகள் தொண்டையில் நின்று, காரம் போல எரிந்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எப்சிபா நிற்காமல் வெயிலுக்குள் போனாள். டீச்சர் அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செருப்பைத் தேடிப் போட்டு, வேப்ப மரத்தைத் தாண்டி, பந்தலின் வெளியூர்க் கூட்டத்தில் தலை மறைகிற வரைக்கும் பார்த்தார். அதன் பிறகுதான், தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதும், அதற்கு உடம்பு திரும்பியிருப்பதும், தரையில் சாதாரணமாகக் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதும் அவருக்குத் தெரிந்தது.

மாசிலாமணி உள்ளறைக் கதவிலிருந்து ஓடி வந்தார். டீச்சரின் காலில் சதையே இல்லை, இரண்டு குச்சி போல இருந்தது.

"மாசிலாமணி அண்ணாச்சி" என்றார் டீச்சர். "கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க."

அவர் பிடித்துக்கொண்டார். டீச்சர் நின்றார், விழுந்தார், மறுபடி நின்றார். கல்லில் முழங்கால் இருந்த இடத்தில், உள்ளங்கை அளவுக்கு இரண்டு குழிகள் இருந்தன.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாங்கள் சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்பட்டோம்தான், ஒரு அரை மணி நேரம். சாப்பிட்ட கையோடு ஓடி வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்து அல்லேலூயா பாடினோம். பிறகு செல்லக்கனி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அடுத்த மாதம் பேராயர் வருவதாக இருந்தது. பதினைந்து வேன் சொல்லியிருந்தார்கள். என்ன நடந்தது, யார் வந்தார்கள், என்ன தரிசனம் கண்டீர்கள் என்று ஐயர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல ஐயரே. விட்டுருச்சு" என்றார் டீச்சர்.

"ஏதாவது இருக்கணுமே டீச்சர். சனம் கேக்குமே."

"ஒண்ணுமில்ல."

மூன்றாம் நாள் ஐயர் தனியாக வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, பேராயர் வருகிற அந்த ஒரு ஞாயிறு மட்டும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் முழங்கால்படியிட முடியுமா என்று கேட்டார். கெட்ட மனிதரில்லை அவர். கேட்கும்போது அவருக்கே கூசியது.

"முட்டி வலிக்கி ஐயரே" என்றார் டீச்சர்.

அந்தப் பதில் ஊருக்குள் போனபோதுதான் எங்களுக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக நாங்கள் முடிவு செய்தோம். இத்தனை நாள் கனப்படுத்தினதில் டீச்சருக்குப் பெருமை ஏறிவிட்டது, அதனால்தான் கிருபை கைவிட்டது, அதனால்தான் கால் எழுந்துவிட்டது என்றோம். டீச்சர் கடைக்குப் போகும்போது முகத்துக்கு நேராகவே சொன்னவர்களும் உண்டு. எப்சிபா வந்தாள், இதுதான் நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் மறுபடி அவரைத் தலையில் தூக்கிவைத்திருப்போம். சொல்லவில்லை. புதன்கிழமை ஜெபத்தை மட்டும் நிறுத்தச் சொன்னார், அதற்காக ஐயரிடம் சண்டையே போட்டார். அதையும் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டோம். எனக்கே இதெல்லாம் தெரிந்தது டீச்சரை அடக்கம் செய்து இரண்டு வருஷம் கழித்து, மாசிலாமணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்தில் இருந்த என்னிடம் சொல்லித்தான். எப்சிபா மன்னித்தாளா என்று கேட்டேன். "அது அவ விஷயம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேன்கள் நிற்கவில்லை. ஆள் இல்லாவிட்டால் என்ன, குழி இருந்ததே. இரண்டு குழிகளையும் சுற்றிப் பித்தளைக் கம்பி போட்டு, முழங்கால் அம்மா ஜெபித்த இடம் என்று பலகை வைத்தோம். டீச்சர் தன் பழைய பெஞ்சுக்குப் போகவில்லை. காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் இருக்க முடியாததால் அந்தக் கம்பிக்கு அருகில், தூணில் சாய்ந்து, பாயில் உட்காருவார். முதல் ஞாயிறே, எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய குடும்பம், மூட்டுவலிக்காரத் தாயாரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு கூட்டத்தை விலக்கியபடி வந்தது. அந்த வீட்டு மருமகள் குனிந்து டீச்சரின் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. முழங்கால் அம்மா இருந்த எடத்த எங்க அத்தை தொடணும். நீங்க மறைக்கியீங்க."

நாங்கள் எல்லாரும் அங்கே இருந்தோம். ஐயர் பீடத்தில் இருந்தார், செல்லக்கனி இரண்டடி தள்ளி இருந்தாள், நான் பாடற்குழுவில் இருந்தேன். எங்களில் யாராவது வாயைத் திறப்போம் என்று நானே எதிர்பார்த்தேன். டீச்சர் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து, சூம்பிப்போன காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வைத்து, அந்தத் தாயாருக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.